சாகாவரம் இல்லாத கத்தரிக்காய்

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. யாராவது செய்த வீடியோ கேமை என் முன்னால் வைத்தால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதில் எங்கே கோணல் என்று தேடுவேன். சுவரை முட்டிப் பார்ப்பேன், மூலைமூலையாகக் குதிப்பேன், ஒரே கதவை நூறு தடவை திறந்து மூடுவேன். கண்டதை எழுதி, எண் போட்டு அனுப்புவேன். பதினாறு வருஷமாக இதே வேலை. "கேம் விளையாடுறதுக்குச் சம்பளமா, குடுத்து வச்சவ!" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மிட்டாய்க் கடையில் ஈ விரட்டுகிறவள் என்றைக்கு மிட்டாய் தின்றாள்? நான் விளையாடி எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே தெரியாது.

எங்கள் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கடையின் மேல்மாடி. மொத்தம் மூன்று பேர். என் தம்பி புரோகிராம் எழுதுகிறவன், முதலாளியும் அவனே. ஓவியர் படம் வரைகிறவர், பேசினால் காசு செலவாகும் என்பது போல் இருப்பார். மூன்றாவது ஆள் நான். எந்தத் தடையை எங்கே வைப்பது என்று லெவல் அமைத்துக்கொண்டிருந்த சிட்டு என்ற பெண் ஆறு மாதத்துக்கு முன்னால் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

எங்கள் கேமின் நாயகன் ஒரு கத்தரிக்காய். பெயர் குண்டன். வெட்டுப்பலகையிலிருந்து தப்பித்து, ஆறு சமையலறைகளைத் தாண்டிக் குதித்து, ஜன்னல் வழியாகத் தோட்டத்துக்கு ஓட வேண்டும். வெங்காயங்கள் துரத்தும். அவற்றை மிதித்தால் ஸ்கிரீனே கண் கலங்கி மங்கிப்போகும். மிளகு உருண்டால் தும்மல் வந்து நாலடி பின்னால் போய் விழுவான். மூன்று வருஷமாகத் தம்பி நல்லது கெட்டது எதற்கும் போகாமல் இந்தக் கத்தரிக்காயையே கட்டிக்கொண்டு அழுதான்.

அன்றுதான் கடைசி நாள். விநியோகக் கம்பெனி ஏற்கெனவே இரண்டு தடவை கூடுதல் அவகாசம் கொடுத்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் கேம் போய்ச் சேராவிட்டால் ஒப்பந்தம் ரத்து. மேல்மாடியைப் பூட்டிவிட்டு, தம்பி பழைய வேலையைத் தேடிப் போக வேண்டியதுதான். கேமோடு ஒரு வீடியோவும் அனுப்ப வேண்டும். கடைசிச் சமையலறையை ஒருவர் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஐந்து உயிருக்குள், வெட்டு ஒட்டு இல்லாமல் ஆடி முடிக்கும் பதிவு. பதினாலு நிமிஷ வேலை. காலை பத்து மணிக்கு நான் காபி டம்ளரைக் கீழே வைக்காமலே கன்ட்ரோலரை எடுத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு ரகசியப் பொத்தான் உண்டு. அதைப் போட்டுவிட்டால் குண்டன் சாகமாட்டான். கத்தி விழுந்தாலும், அடுப்பில் விழுந்தாலும் ஓடிக்கொண்டே இருப்பான். அதற்குச் சாகாவரம் என்று பெயர் வைத்திருந்தோம். செத்துச் செத்து மறுபடி முதலிலிருந்து வந்தால் எப்போது வேலை முடிப்பது? இந்தக் கேமைச் சோதித்த பதினோரு மாதமும் சாகாவரத்தோடுதான் ஆடினேன். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான். கடைக்குப் போகிற பதிப்பில் மட்டும் அது இருக்கக் கூடாது என்பதால், அன்று காலைதான் தம்பி அதை எடுத்திருந்தான்.

இரண்டாவது வெங்காயத்திலேயே செத்தேன்.

"என்னக்கா?" என்றான் தம்பி, தலையைத் திருப்பாமல்.

"கை வழுக்கிடுச்சு."

மறுபடி ஆடினேன். கத்திகளைத் தாண்டி, அடுப்பு வரிசையைத் தாண்டி, பதின்மூன்றாவது நிமிஷத்தில் கடைசி இடத்துக்கு வந்தேன். அங்கே ஒரு ராட்சசக் கொப்பரை. இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குக் குதிக்க வேண்டும், கீழே சூப்பு கொதிக்கும். நாற்பது தடவையாவது தாண்டிய இடம், "சரி" என்று கையெழுத்துப் போட்ட இடம். குதித்தேன். எதிர் விளிம்பில் ஆவி பட்டது, குண்டன் சூப்புக்குள் விழுந்தான். இருந்த மூன்று உயிரும் அங்கேயே போயின.

பதினொரு மணிக்கு மறுபடி. பதினொன்றரைக்கு மறுபடி. ஒவ்வொரு தடவையும் அதே எதிர் விளிம்பு, அதே ஆவி. இது பள்ளத்தின் கோளாறா, என் கையின் கோளாறா என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீரில் ரப்பர் வளையத்தோடு மிதந்தே பழகியவளைத் திடீரென்று வளையத்தைக் கழற்றி ஆற்றில் விட்டது போல இருந்தது.

"தம்பி, இந்தக் கொப்பரையத் தாண்ட முடியுமா முடியாதா?"

அவன் ஒரு காகிதத்தை எடுத்துக் கட்டம் போட்டான். "பள்ளம் ஆறு கட்டம். குண்டன் ஆறரைக் கட்டம் குதிப்பான். அரைக் கட்டம் மிச்சமே இருக்கு. தாராளமாத் தாண்டலாம்."

"அப்ப நீ தாண்டிக் காட்டு."

தாண்டிக் காட்டுவானா? கேம் எழுதத் தெரியும், ஆடத் தெரியாது அவனுக்கு. முதல் கத்தியிலேயே ஐந்து உயிரையும் விட்டான். ஓவியர் பாவம், நானும் முயற்சி செய்கிறேன் என்று வந்தார். அவர் வரைந்த வெங்காயமே அவரை மிதித்துக் கொன்றது. ஆக நான்தான். மூன்று வருஷ உழைப்பும் என் கட்டைவிரலில் வந்து நின்றது.

ஒரு மணிக்கு யாரும் சாப்பிடப் போகவில்லை. பன்னிரண்டாவது ஆட்டமோ பதின்மூன்றாவதோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. உள்ளங்கை வியர்த்துக் கன்ட்ரோலர் வழுக்கியது. கத்தி ஒன்று விழப்போகிறதென்றால் என் தோள் தானாகச் சுருங்கியது. பதினோரு மாதம் அந்தக் கத்திகளுக்கு நடுவில் கொட்டாவி விட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன், அவை எவ்வளவு வேகம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு கத்தி தலைக்காம்பை உரசிக்கொண்டு போனபோது குண்டன் இரண்டு கையாலும் காம்பைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான். இப்படி முழிப்பான் என்றே எனக்குத் தெரியாது. சாகாதவன் எதற்கு முழிக்கப்போகிறான்!

மறுபடி கொப்பரை, மறுபடி சூப்பு. செத்த குண்டன் மேலே மிதந்து வந்து, கன்னத்தை உப்பவைத்து, வாயிலிருந்த சூப்பைப் புளிச்சென்று துப்பிவிட்டு, "உப்பு கம்மி" என்பது போல் தலையாட்டினான். பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்து டிக் போட்ட படம் அது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீடு பற்றி எரிகிறபோது என்ன சிரிப்பு என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். தம்பியின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

இரண்டரை மணிக்கு நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். சிட்டுவைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நானும் அவளும் கடைசியில் அவ்வளவு நல்லபடியாகப் பிரியவில்லை. அவள் போட்ட ஒவ்வொன்றிலும் நான் குறை எழுத, "நீங்க ஆடிப் பாக்கவே மாட்டீங்களாக்கா?" என்று அவள் கேட்க, "ஆடிப் பாக்கத்தான் இங்க உக்காந்திருக்கேன்" என்று நான் எரிந்து விழுந்தேன். ஆனால் அந்தக் கொப்பரையை வைத்தவள் அவள்தான். வெட்கம் பார்த்தால் வேலைக்கு ஆகாது.

"சிட்டு, நான்தான். கடைசிக் கொப்பரைய எப்படித் தாண்டுறது?"

"அக்காவா! கரண்டியில தொங்கித்தான்."

"எந்தக் கரண்டி?"

"மேல ஒரு பெரிய கரண்டி ஆடிட்டு இருக்கும்ல. எட்டு விநாடிக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் வரும். பிடிச்சுத் தொங்கி, அந்தப் பக்கம் போய் விடணும். வெறுமனே குதிச்சாச் சேராதுக்கா, எதிர்ப்பக்கம் ஆவி அரைக் கட்டம் வெளிய வழியும்."

"இங்க கரண்டியே இல்லையே."

சிட்டு மெதுவாகச் சொன்னாள். "நீங்கதானக்கா தூக்கச் சொன்னீங்க."

படியிலேயே உட்கார்ந்து போனில் பழைய பட்டியலைத் திறந்து பார்த்தேன். எண்ணூற்றுப் பன்னிரண்டாவது குறை. "கரண்டி: பயன் இல்லை. ஓட்டத்துக்கு இடைஞ்சல். நீக்கவும்." என் எழுத்து, என் பெயர். சாகாவரத்தோடு ஓடிவந்தவளுக்குக் கரண்டி எதற்கு? ஆவி சுட்டால் அந்தச் சூட்டில் குண்டன் ஒரு சாண் எகிறி அந்தப் பக்கம் விழுந்துவிடுவான். நாற்பது தடவையும் அப்படித்தான் தாண்டியிருக்கிறேன். குறுக்கே வந்த கரண்டி எனக்குத் தொல்லை, அவ்வளவுதான்.

உள்ளே வந்தேன். தம்பி மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கட்டம் போட்ட காகிதங்கள்.

"என் கணக்குதான்க்கா தப்பு," என்றான். "ஆவிய நான் சேர்க்கவே இல்ல. முட்டாள் நான். எல்லாம் என்னாலதான் போச்சு."

பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று தோன்றியது. அவனே பழியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான், எனக்கு என்ன வந்தது? ஆனால் அவன் நெற்றியில் மேஜை விளிம்பு பதிந்து சிவந்திருந்ததைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"உன் கணக்கு இல்லடா. அங்க ஒரு கரண்டி இருந்துச்சு. நான்தான் வேண்டாம்னு எழுதினேன். நீ எடுத்துட்ட."

அவன் நிமிர்ந்தான். "எப்ப?"

"சிட்டு போற வாரம்."

"அந்த வாரம் நீ குடுத்த லிஸ்ட்டுல அறுபது இருந்துச்சு. படிச்சு யோசிக்கவா எனக்கு நேரம் இருந்துச்சு? அக்கா சொன்னா சரியா இருக்கும்னு எடுத்தேன்." அவன் குரல் ஏறியது. "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அந்தப் பொத்தான எடுத்துட்டு ஆடியிருக்கலாம்லக்கா!"

யாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நான் அன்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நின்றேன்.

"பள்ளத்தையே குறுக்கிடலாமா?" என்றான் தம்பி, ஓவியரைப் பார்த்து.

"கொப்பரை ஒரே படம். குறுக்கினா சுத்தி எல்லாத்தையும் மாத்தி வரையணும்," என்றார் ஓவியர். "கரண்டி என்கிட்ட பத்திரமா இருக்கு." அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

பழைய பதிப்பிலிருந்து தம்பி கரண்டியைத் தேடி எடுத்து மாட்டினான். பிறகு முழுக் கேமையும் கம்ப்யூட்டர் மறுபடி கட்டி முடிக்க வேண்டும், அதற்கு ஒன்றேகால் மணி நேரம். ஸ்கிரீனில் ஒரு பச்சைக் கோடு நத்தை வேகத்தில் நகர்ந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே கண்ணாடி அறுக்கிற சத்தம் பல்லைக் கூசவைத்தது.

நாலு இருபதுக்குக் கோடு முடிந்தது. அனுப்பி முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும், அதனால் நாலு நாற்பத்தெட்டுக்குள் பதிவு கையில் இருக்க வேண்டும் என்று தம்பி சுவரில் சாக்பீஸால் எழுதினான். முதல் ஆட்டத்தில் அவசர அவசரமாக ஓடி, பாதி வழியிலேயே ஐந்து உயிரையும் தொலைத்தேன். கொப்பரையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மணி நாலு முப்பத்திரண்டு.

"இனி ஒண்ணுதான்க்கா," என்றான் தம்பி. கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது. அது எனக்குக் கோபத்தைவிடப் பயமாக இருந்தது.

தொடங்கினேன். வெங்காயம் ஒன்று, இரண்டு, மூன்று. மிதித்ததும் ஸ்கிரீன் கலங்கியது, என் கண்ணும் சேர்ந்து கலங்கியது. மிளகு உருண்டு வந்தபோது குண்டன் தும்மிப் பின்னால் போய் ஒரு கத்தியில் விழுந்தான். நாலு உயிர். அடுப்பு வரிசையில் மூன்றாவது அடுப்பு திடீரென்று சீறியது. மூன்று உயிர். தம்பி என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான், நாற்காலி ஆடியது. "கைய எடுடா," என்றேன், எடுத்தான். அரிவாள்மணை இருக்கிற இடத்தில் அவசரப்பட்டு இன்னொன்றை விட்டேன். அதற்கப்புறம் சிந்திக் கிடந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து இன்னொன்று.

ஒரே உயிரோடு கொப்பரை விளிம்புக்கு வந்தேன். மணி நாலு நாற்பத்தாறு.

நின்றேன். இந்த வேலையில் நான் நின்றதே கிடையாது, முட்டுவதும் ஓடுவதும்தான். குண்டன் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தான், எச்சில் விழுங்கினான், காம்போடு இருந்த பச்சைத் தொப்பியை இழுத்துக் காதுவரை மூடிக்கொண்டான். கரண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓவியர் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஏழு. கரண்டி என்னை நோக்கி வந்தது. எட்டு.

குதித்தேன். குண்டனின் இரண்டு கையும் கரண்டிக் காம்பைப் பற்றின.

பற்றியதும் அவன் கத்தினான். "ஊஊ...ய்ய்ய்!" சிட்டுவின் குரல். அந்தப் பொடிப் பெண் தன் குரலையே பதிவு செய்து வைத்திருக்கிறாள். குண்டனின் பச்சைத் தொப்பி காற்றில் குடையாக விரிந்தது, கால் இரண்டும் உதைத்துக்கொண்டன, கீழே சூப்பு சுழன்றது, சமையலறை முழுவதும் சாய்ந்து சாய்ந்து போயிற்று. என் அடிவயிறு ஜிவ்வென்று தூக்கியது. எதிர் விளிம்பு வந்தது.

"விடுக்கா! இப்ப விடு!"

நான் விடவில்லை. கரண்டி திரும்பியது.

"அக்கா! என்ன பண்ற? மணி நாப்பத்தேழு!"

"இரு!"

"அக்கா, உன் கால்ல விழறேன், இறங்கு!"

குண்டன் மறுபடி கத்தினான். நானும் கத்தினேன். என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. கீழே கண்ணாடி அறுப்பது நின்றது. பயம் அப்படியே இருந்தது, கை அப்படியே வியர்த்தது. தம்பியின் மூன்று வருஷம் அந்தக் கரண்டியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதும் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கரண்டி இந்தப் பக்கம் வந்து, மறுபடி அந்தப் பக்கம் போனது. எதிர் விளிம்பு அரைக் கட்டம் இருக்கும்போது கையை விட்டேன். ஆவி குண்டனின் காலடியில் சீறியது. அவன் ஒரு காலில் தடுமாறி, கையைக் காற்றாடியாகச் சுழற்றி, குப்புற விழுந்தான். விளிம்புக்கு உள்ளே.

ஜன்னல் திறந்தது. தோட்டம் வந்தது.

தம்பி என் கையிலிருந்து எதையும் வாங்காமல், என் மேலேயே சாய்ந்து விசைப்பலகையைத் தட்டினான். பதிவு நின்றது, அனுப்புகிற கோடு ஓடத் தொடங்கியது. நாலு ஐம்பது, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தேழு. "பெற்றுக்கொண்டோம்" என்று ஒற்றை வரி பதில் வந்தது. ஓவியர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

தம்பி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எதுக்குக்கா ரெண்டாவது தடவ சுத்தின? எனக்கு உசுரே போயிடுச்சு."

"தெரியலடா. நல்லா இருந்துச்சு."

அவன் நின்றுகொண்டே இருந்தான். எதற்கோ காத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"சொல்லு. பின்னாடியே 'ஆனா'ன்னு ஒண்ணு வருமே."

"ஆனா ஒண்ணும் இல்ல. நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவன் முகம் கோணியது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். "மூணு வருஷம்க்கா," என்றான் விரலிடுக்கில். "நல்லா இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாம மூணு வருஷம்." ஆயிரத்துக்கு மேல் குறை எழுதிக் கொடுத்திருக்கிறேன் அவனுக்கு. இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவன் தலையைத் தடவிக்கொடுத்திருக்க வேண்டும். அக்கா என்றால் அதைத்தான் செய்வாள். ஆனால் என் இரண்டு கையும் கன்ட்ரோலரில் இருந்தன. முதல் சமையலறையைத் திறந்திருந்தேன், வெட்டுப்பலகையில் குண்டன் கண் விழித்துக்கொண்டிருந்தான், மேலே கத்தி ஓங்கியிருந்தது.

"அழுதது போதும், தள்ளி உக்காருடா," என்றேன். "ஸ்கிரீன மறைக்கிற."